வெப்ப உணர் தட்டில் ஸ்டெம் செல் வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, கருவிழி விளிம்பு ஆகியவற்றின் ஸ்டெம் செல்களை ஒரே தாளாக உரித்தெடுக்க உதவுவது பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமர் பூசிய தட்டு. டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தெருவோ ஒகானோவின் குழு வளர்த்தெடுத்த முறை இது. சுமார் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் பாலிமர் சுருங்கி நிற்கும், செல் ஒட்டும். அதற்குக் கீழே நீரை இழுத்து உப்பும், செல் பிடியை விடும். சாதாரண பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தட்டின் பழக்கங்கள் இங்கே செல்லாது.

முதல் சறுக்கல் செல் விதைக்கும்போதே நடக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மீடியத்தை (செல் வளர்ப்புத் திரவம்) அப்படியே ஊற்றினால் செல்கள் ஒட்டாமல் மிதக்கும். தட்டு, மீடியம் இரண்டையும் 37 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே விதையுங்கள். மீடியம் மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒரு தட்டை மட்டும் வெளியே எடுங்கள். ஏசி அறையில் நுண்ணோக்கியின் கீழ் நெடுநேரம் வைத்தால் ஓரங்கள் கிளம்பிவிடும். சூடேற்றிய மேடை இருந்தால் கவலையில்லை.

சீரம் (இரத்த நிணநீர்) இல்லாத மீடியத்தில் லாமினின், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதப் பூச்சு பெரும்பாலும் தேவைப்படும். இரவு முழுக்க 4 டிகிரியில் பூசும் வழக்கத்தை இங்கே விடுங்கள். அந்தக் குளிரில் பாலிமர் நீரில் ஊறியிருப்பதால் புரதம் சரியாகப் படியாது. 37 டிகிரியில் பூசுங்கள். அளவை மிகையாக்கினாலும் கடைசியில் தாள் பிரிய மறுக்கும்.

பிரித்தெடுக்கும் கட்டத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 20 டிகிரி போதும் என்ற இடத்தில், சீக்கிரம் வரட்டும் என்று 4 டிகிரியில் வைப்பார்கள். பாலிமர் உப்புவது பாதி வேலைதான். மீதியை, தனக்குள் இருக்கும் தாங்கு இழைகளைச் சுருக்கிச் செல்லே செய்கிறது. அதற்கு ஆற்றல் வேண்டும். கடுங்குளிரில் செல்லின் வளர்சிதை மாற்றம் மந்தமாவதால் தாள் பிரிவதும் தாமதமாகும். 20 முதல் 25 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னும் காத்திருங்கள். பைபெட்டால் பீய்ச்சினால் கிழியும். புரதத்தை வெட்டும் நொதியான ட்ரிப்சினைத் தொடவே வேண்டாம்: செல்களுக்கு இடையிலான இணைப்பையும் அடியிலுள்ள புரதத்தையும் அது வெட்டிவிடும், பிறகு இந்தத் தட்டுக்குச் செலவழித்ததற்குப் பொருளே இல்லை. தானாகப் பிரியும் தாள் சுருங்கும் என்பதால், மீடியத்தை உறிஞ்சிவிட்டுத் தாங்கு சவ்வை மேலே வைத்தபின் குளிர்விப்பது நல்லது.

தட்டை நீங்களே தயாரிப்பதானால் ஓர் எச்சரிக்கை. பாலிமர் கரைசலை ஊற்றிக் காயவைப்பது பூச்சு ஆகாது. 32 டிகிரிக்குக் கீழே அது கரைந்து செல்லோடு கலந்துவிடும். எலக்ட்ரான் கதிர் போன்ற முறையால் பரப்போடு வேதிப்பிணைப்பு உண்டாக்க வேண்டும். தடிமனும் முக்கியம்: பாலிஸ்டைரீன் மேல் சுமார் 15 நானோமீட்டரில் செல் ஒட்டியும் பிரிந்தும் வருகிறது, ஏறத்தாழ 30 நானோமீட்டரில் 37 டிகிரியிலேயே ஒட்டுவதில்லை. பிணையாத பாலிமரையும் நச்சுள்ள மோனோமரையும் (பாலிமர் உருவாகும் மூலப்பொருள்) நீக்கக் குளிர்ந்த நீரால் பலமுறை கழுவுங்கள். வெந்நீரில் பிணையாத பாலிமர் கரையாமல் அங்கேயே தங்கிவிடும்.