61 கட்டை கீபோர்டில் ஷோபானின் ஈ மைனர் பிரிலூட்

ராயபுரம், பெரம்பூர் பக்கம் கீபோர்டு பழகுகிறவர்களில் பலருக்கும் சர்ச் பாட்டு வாசித்துத்தான் கை தேறியிருக்கும். இடது கை கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) பிடிக்கும், வலது கை மெட்டை வாசிக்கும். போலந்தில் பிறந்த பியானோ இசையமைப்பாளர் ஷோபானின் ஓபஸ் 28 தொகுப்பிலுள்ள 4ஆம் பிரிலூடுக்கு (பிரிலூட் என்றால் சிறிய இசைத் துண்டு) அந்தப் பழக்கம் பாதிதான் உதவும். மொத்தமே 25 பார் (தாள அளவுக் கட்டம்). வலது கையில் பெரிய வேலை இல்லை. பாட்டின் உயிர் இடது கையில் இருக்கிறது.

முதலில் கீபோர்டைச் சரிசெய்யுங்கள். ரிதம், ஆட்டோ கார்டு இரண்டையும் அணையுங்கள். டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் மாறும் வசதி) ஆனில் இருக்கட்டும். அது இல்லாமல் இந்தப் பாட்டே இல்லை. ஒலியை இழுத்துப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலைச் செருகிய பிறகு பவர் போடுங்கள். மாற்றிச் செய்தால் சில கீபோர்டுகளில் பெடல் தலைகீழாக வேலை செய்யும்: மிதித்தால் ஒலி நிற்கும், விட்டால் இழுக்கும். கட்டில்மேல் வைத்து வாசிக்க வேண்டாம், மணிக்கட்டு மடங்கி அரை மணி நேரத்தில் வலிக்கும். முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

இனி இடது கை மட்டும், ஒரு வாரம். தொடக்கம் ஜி, பி, ஈ: சுண்டுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல். இதை ஈ மைனர் என்று பார்த்தவுடன் ஈ-யை அடியில் போட்டுப் பிடிக்கத் தோன்றும். அங்கேதான் பாட்டு கெடுகிறது. ஷோபான் ஜி-யை அடியில் வைத்தது, அங்கிருந்து படிப்படியாக இறங்குவதற்காக. அடுத்தடுத்த கார்டுகளில் பெரும்பாலும் ஒரு விரல் மட்டும் பக்கத்துக் கட்டைக்கு நழுவும், மற்றவை அப்படியே நிற்கும். எந்த விரல் நகர்கிறது என்று இசைத்தாளில் பென்சிலால் வட்டமிடுங்கள். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50, ஒரு தட்டுக்கு இரண்டு கார்டு. விரலைக் கட்டையிலிருந்து தூக்காமல், கட்டை மேலெழும்பியதும் மறுபடி அழுத்துங்கள். தூக்கி அடித்தால் ஆணி அடிக்கிற மாதிரி கேட்கும்.

வலது கையில் தொடக்கத்தில் பி-யும் சி-யும் மாறி மாறி வரும். வாயால் பாடிவிட்டு வாசியுங்கள். ஷோபானே மாணவர்களைப் பாட்டு கற்கச் சொன்னவர். மெட்டு கொஞ்சம் இழையலாம், இடது கையின் காலப்பிரமாணம் அசையக்கூடாது.

16ஆம் பாரில் 'ஸ்ட்ரெட்டோ' (வேகத்தைக் கூட்டு) என்றிருக்கும். வேகமும் சத்தமும் கூடி 17இல் உச்சம். இங்கே ஓடிவிடுகிறவர்கள்தான் அதிகம். 15ஆம் பார்வரை சத்தத்தைச் சேமித்து வையுங்கள். கீழ் சுரம் ஏதாவது கீபோர்டில் இல்லையென்றால் ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள், நடுவில் ஆக்டேவ் பட்டனைத் தேட வேண்டாம்.

பெடலைக் கார்டு மாறும்போதெல்லாம் மாற்றுங்கள், அதாவது விட்டு மறுபடி மிதியுங்கள். மாற்றாவிட்டால் பக்கத்துப் பக்கத்து சுரங்கள் கலந்து சேறாகிவிடும்.

ஆர்கன் டோனிலும் வாசிக்கலாம். 1849 அக்டோபர் 30 அன்று பாரிஸ் மாடலென் ஆலயத்தில், ஷோபானின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில்தான் வாசித்தார்கள். ஆனால் ஆர்கனில் அழுத்தத்துக்கு ஏற்ற சத்தம் வராது, சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் வேண்டும்.

23ஆம் பாரில் இசை நின்றதும் அவசரப்படாதீர்கள். ஃபேன் சத்தமும் ரயில் சத்தமும் மெல்லிய ஒலியை விழுங்கும், ஆகவே ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பிறகு கடைசி மூன்று கார்டுகள், மூன்றும் மிக மெல்லிய சத்தத்தில். கடைசிக் கார்டின் ஒலி முழுசாக அடங்கும்வரை கையை எடுக்காதீர்கள்.