சத்தம் கூடினால் தரம் கூடியதாகத் தோன்றும்: கையடக்க ஆடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் வைத்து விளையாடும் ஸ்டீம் டெக்கோ ஸ்விட்ச்சோ வாங்கிய கையோடு பலருக்கு அடுத்த ஆசை காதுக்கு வந்துவிடுகிறது. நல்ல ஐஇஎம் (காதுக்குள் செருகும் இயர்போன்) ஒன்று, அதற்கு ஒரு டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகி இயர்போனை மாட்டும் சின்னக் கருவி), அப்புறம் "இதைவிட அது மேல்" என்று யாரோ சொன்னதால் இன்னொரு டாங்கிள். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், இந்தப் பித்து பிடித்த பழையவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் பணத்தை விட்ட அதே இடங்களில்தான் இவர்களும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடது வலது மாற்றி மாட்டுவது, ப்ளக்கைப் பாதி மட்டும் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை அவரவரே கண்டுபிடித்துவிடுவார்கள். பணத்தையும் காதையும் பதம் பார்க்கிற தவறுகள் வேறு.

## சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது

இந்த ஒரு தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அடுக்கடுக்காக டாங்கிள் வாங்கி விற்கும் பழக்கத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அண்மையில் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஸ்டீம் டெக். 3.5 மிமீ, 4.4 மிமீ என இரண்டு துளைகள் உள்ள ஒரு டாங்கிள். முனையை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய புதுக் கேபிள். அந்தக் கேபிளுக்கு அவர் கொடுத்த விலையில் இன்னொரு நல்ல ஐஇஎம்மே வாங்கியிருக்கலாம். "அண்ணே, முதல்ல 3.5-ல கேளுங்க, அப்புறம் 4.4-ல கேளுங்க. பாட்டு அப்படியே விரியுது" என்றார். கேட்டேன். விரியத்தான் செய்தது. பேஸும் தடித்தது, பாடகரின் மூச்சும் தெரிந்தது. வால்யூம் இரண்டிலும் ஒரே எண்ணில் நின்றிருந்தது. கோளாறு அங்கேதான்.

பல டாங்கிள்கள் முழு வால்யூமில் 3.5 துளையில் 2 வோல்ட், 4.4 பேலன்ஸ்டு (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஜோடிக் கம்பி) துளையில் 4 வோல்ட் தருகின்றன. மின்னழுத்தம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் கூடும். திரையில் தெரியும் எண் மாறவே இல்லை. காதுக்குப் போவது மட்டும் மாறிவிட்டது.

சத்தம் கூடினால் ஏன் "தரம்" கூடியதாகத் தோன்றுகிறது? நம் காது எல்லா அலைவரிசையையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. 1933-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைகோடுகளாக வெளியிட்டார்கள். தாழ்ந்த சத்தத்தில் பேஸ் நமக்குக் குறைவாகக் கேட்கிறது. சத்தம் ஏற ஏற, நடு அலைவரிசையைவிட பேஸ் வேகமாக எழுந்து வருகிறது. ஆகவே வால்யூமைக் கூட்டினால் அதே பாட்டு கனமாகவும் நிறைவாகவும் கேட்கும். பின்னணியில் மெல்லிய ஒலிகள் அறையின் இரைச்சலுக்கு மேலே வரும். கருவி எதையும் புதிதாகச் செய்யவில்லை.

6 டெசிபல் வித்தியாசத்தையாவது கவனித்தால் பிடித்துவிடலாம். பெரிய கண்ணி அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசங்களில் இருக்கிறது. ஒரு டெசிபல் என்பது மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 12 சதவீதம். அதை நாம் "சத்தம் கூட" என்று உணர்வதில்லை. "தெளிவு", "உயிர்", "காற்றோட்டம்" என்று உணர்கிறோம். ஆயிரம் ரூபாய் டாங்கிளுக்கும் பத்தாயிரம் ரூபாய் டாங்கிளுக்கும் இடையே கேட்டதாகச் சொல்லப்படும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை இந்த வகை என்பதுதான் என் கணிப்பு.

தம்பியிடம் மல்டிமீட்டரை எடுத்து வைத்தேன். இங்கே ஒரு எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசி அளவு 200 வோல்ட் வரிசையில்தான் தொடங்கும். அதில் அரை வோல்ட்டை அளக்கவே முடியாது. ஏசி மில்லிவோல்ட் காட்டும் மீட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் மீட்டர் கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் மஞ்சளைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

ஐஇஎம்மைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பை ஓட விட்டோம். இடது ஐஇஎம்மைக் கழற்றினால் கேபிளின் முனையில் இரண்டு சின்ன ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று உரசாமல் அந்த ஊசிகளில் வைக்க வேண்டும். 3.5-ல் 0.31 வோல்ட். 4.4-க்கு மாற்றினோம். 0.62. பாடப்புத்தகக் கணக்கு. 4.4-ன் வால்யூமை மீட்டர் மறுபடி 0.31 காட்டும் வரை இறக்கினோம். பிறகு அவரைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, வால்யூமையும் அந்தந்தத் துளைக்கு அளந்த இடத்தில் வைத்து, முனைகளை நான் மாற்றி மாற்றிச் செருகினேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு பாட்டு என்று கேட்டுப் பார்த்தார், அப்போதும் முடியவில்லை. "அப்ப கேபிள்?" என்றார். கேபிள் நல்ல கேபிள்தான், காதுக்குப் பின்னால் முறுக்காமல் அழகாக உட்காருகிறது. ஒலி விரிந்ததற்கு அது காரணமில்லை.

வீட்டில் நீங்களே செய்வதானால் சில விவரங்கள். சமன் 0.1 டெசிபலுக்குள் வர வேண்டும், அதாவது மின்னழுத்தத்தில் சுமார் 1 சதவீதம். வால்யூம் பொத்தானின் படிகள் அவ்வளவு நுணுக்கமாக இருக்காது. மிச்சத்தை ஈக்வலைசர் செயலியின் ப்ரீஆம்பில் (மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) சரிசெய்யுங்கள். மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, இரண்டு கருவிக்கும் ஒரே தவறுதான். கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸ் (அதன் வெளியீட்டில் உள்ள மின்தடை) ஒரு ஓமுக்கு மேல் என்று தெரிந்தால், ஹெட்ஃபோனை மாட்டிய நிலையில்தான் அளக்க வேண்டும். மாற்றிச் செருகுவதை வேறொருவர் செய்யட்டும், சீக்கிரம் செய்யட்டும். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் சொல்லி 12 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கைவிடக் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத சமனின்மைகளும் உண்டு. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளில் ஐரோப்பாவுக்கான மாதிரி அரை வோல்ட்தான் தரும், மற்றது ஒரு வோல்ட். பார்வைக்கு இரண்டும் ஒன்று. அதையே சில ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் முழுச் சத்தம் வராது. ஸ்பாட்டிஃபை தானாகவே எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும். இயல்பான அமைப்பில் அந்த அளவு -14 லஃப்ஸ் (ஒலியின் சராசரிச் சத்தத்துக்கான அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூட). போனில் ஸ்பாட்டிஃபையும் தனி பிளேயரில் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) கோப்பும் வைத்து ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது கருவிகளை அல்ல.

ஹேண்ட்ஹெல்ட் மேல் விழும் ஒரு பழியும் இதில் சேர்த்திதான். "ஸ்விட்ச்சுல ஆம்ப் வீக்கா இருக்கு, போன்ல நல்லா வருது" என்பார்கள். கேம்களின் ஒலி பாட்டைவிடத் தாழ்வாகவே கலக்கப்படுகிறது, வெடிச்சத்தத்துக்கு மேலே இடம் விட வேண்டுமே. சோனி தன் தளங்களுக்கு வெளியிட்ட பரிந்துரையே வீட்டுக் கருவிக்கு -24 லஃப்ஸ், கையடக்கக் கருவிக்கு -18 லஃப்ஸ். இன்றைய சினிமாப் பாட்டு பல -10-க்கும் மேலே நிற்கிறது. கேமும் பாட்டும் ஒரே ஆம்பில் ஓடினாலும் கேம் தாழ்ந்துதான் கேட்கும். அதற்காக ஆம்ப் வாங்குவது வீண்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது விளையாட்டில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நையாஷ் வகுத்த கணக்கில் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். "4.4-ல நல்லா இருக்கு" என்று அதே எண்ணில் விட்டவர் 6 டெசிபல் கூடக் கேட்கிறார். அவருடைய எட்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிட்டது.

## ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஆம்ப் வாங்குவது

"32 ஓம்தானே, டெக்கே ஓட்டிடும்." "300 ஓம், பெரிய ஆம்ப் வேணும்." இரண்டுமே அரைகுறைக் கணக்கு. இம்பீடன்ஸோடு (அந்த ஓம் எண்) சென்சிட்டிவிட்டியையும் (கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்ஹைசர் எச்டி 600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். 100 டெசிபலை எட்ட இரண்டு மில்லிவாட், அதாவது முக்கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். அதே 100 டெசிபலுக்கு 45 மில்லிவாட் வேண்டும், மின்னழுத்தம் ஒன்றரை வோல்ட். ஓம் குறைந்த ஹெட்ஃபோன்தான் இருபது மடங்குக்கு மேல் திறன் கேட்கிறது. ஓம் எண்ணை நம்பிப் போனவர் இரண்டிலும் தவறாக வாங்குவார்.

இன்னொன்று, விவரத்தாளில் சென்சிட்டிவிட்டியை ஒருவர் மில்லிவாட்டுக்குக் கொடுப்பார், இன்னொருவர் வோல்ட்டுக்குக் கொடுப்பார். 32 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம். அலகைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடாதீர்கள்.

## அவுட்புட் இம்பீடன்ஸை மறப்பது

சமன் செய்தபிறகும் மிஞ்சுகிற வித்தியாசம் உண்மையானது. அப்படி மிஞ்சும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (ஒரு வகைச் சின்ன ஸ்பீக்கர், பேலன்ஸ்டு துளையோடு தொடர்பில்லை) உள்ள ஐஇஎம்களின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஒன்றாக இருக்காது. ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் அவுட்புட் உள்ள கருவியில் மாட்டினால், 8 ஓம் இடம் 7 டெசிபல் இழக்கும், 40 ஓம் இடம் 2 டெசிபல்தான் இழக்கும். ஐஇஎம்மின் ஒலிச் சாயலே 5 டெசிபல் மாறிவிடுகிறது. ஒரு ஓம் கருவியில் அதே வித்தியாசம் ஒரு டெசிபலுக்கும் கீழே. ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் கருவியின் அவுட்புட் இருக்கட்டும் என்ற வழக்கம் இதனால் வந்தது. மாறிய சாயல் உங்களுக்குப் பிடித்துப்போனால் அதிலும் தவறில்லை. அதை ஈக்வலைசரில் காசில்லாமல் கொண்டுவரலாம்.

## 4.4 துளையில் 3.5 அடாப்டர்

கூடவே கூடாது. பேலன்ஸ்டு வெளியீட்டின் இடது, வலது எதிர்முனைகள் இரண்டும் ஆம்பால் இயக்கப்படுபவை, சாதாரண 3.5 ஸ்டீரியோ துளை அவற்றை ஒன்றாக இணைத்துவிடும். ஆம்ப் சாகலாம். 4.4 கேபிளை 3.5 துளையில் அடாப்டர் போட்டு மாட்டுவது வேறு, அது பரவாயில்லை.

## பேஸ் இல்லை என்று டாங்கிள் மாற்றுவது

ஐஇஎம்மின் டிப்பை, அதாவது காதை அடைக்கும் ரப்பர் முனையை, மாற்றுங்கள்.

## பர்ன்-இன்னுக்குக் காத்திருப்பது

பல மணி நேரம் ஓட விட்டால் ஒலி மேம்படும் என்பதுதான் பர்ன்-இன் நம்பிக்கை. பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுங்கள்.

## சார்ஜில் போட்டபடி ஒப்பிடுவது

சார்ஜரின் இரைச்சல் யூஎஸ்பி வழியாக டாங்கிளுக்குள் வரும். முதலில் பேட்டரியில் கேளுங்கள், பிறகு டாங்கிளைக் குறை சொல்லலாம்.

## ப்ளூடூத்தை நம்பி விளையாடுவது

நொடிக்கு 60 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிநொடி. சாதாரண ப்ளூடூத் ஒலி 150 முதல் 250 மில்லிநொடி வரை பிந்தி வரும். குதித்துப் பத்து ஃப்ரேம் கழித்துக் குதித்த சத்தம். "யூடியூப்ல சரியா வருதே" என்பார்கள். அங்கே செயலி படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டிவிடுகிறது. கேமில் அது முடியாது, நீங்கள் எப்போது பொத்தானை அழுத்துவீர்கள் என்று கருவிக்கு முன்கூட்டியே தெரியாதே. தாளம் பார்த்து அழுத்தும் கேம்களில் இந்தத் தாமதம் ஆட்டத்தையே கெடுக்கும்.

கருவிக்குக் கருவி நிலைமையும் வேறு. 2017-ல் வந்த ஸ்விட்ச்சுக்கு ப்ளூடூத் ஒலி 2021 செப்டம்பரில்தான் கிடைத்தது. அதிலும் ப்ளூடூத் ஒலி ஓடும்போது வயர்லெஸ் கன்ட்ரோலர் இரண்டுக்கு மேல் சேராது, பக்கத்தில் இருப்பவரோடு லோக்கல் வயர்லெஸில் விளையாட முடியாது, மைக்கும் வேலை செய்யாது. 2023-ல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டலில் ப்ளூடூத் ஒலியே கிடையாது. 3.5 துளை, அல்லது சோனியின் பிளேஸ்டேஷன் லிங்க் ஹெட்செட், அவ்வளவுதான். ப்ளூடூத் இயர்பட்ஸை வைத்துக்கொண்டு போர்ட்டல் வாங்கியவர்கள் இதைப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

வயர் வேண்டாம் என்று உறுதியாக இருந்தால், தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டாங்கிளோடு (இது வயர்லெஸ் ரிசீவர்) வரும் ஹெட்செட் வாங்குங்கள், அவற்றின் தாமதம் ப்ளூடூத்தைவிட மிகக் குறைவு. வாங்குமுன் அந்த டாங்கிள் யூஎஸ்பி-சியா என்று பாருங்கள். டெக்கில் இருப்பது ஒரே ஒரு யூஎஸ்பி-சி துளை. அதில் டாங்கிள் உட்கார்ந்துவிட்டால் சார்ஜருக்கு இடமில்லை.