நீல பம்ப் மட்டும் போதாது: பிள்ளையின் ஆஸ்துமாவைப் பார்த்துக்கொள்வது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்த காலத்தில், தோட்டத்து அம்மாமார் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது: "மிஸ்ஸி, பம்ப் பழகிப்போச்சுன்னா விட முடியாதாமே?"

இன்ஹேலர் என்கிற அந்தப் பம்ப் பழகாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் உள்ளுக்குள்ளே வீங்கியே இருக்கும், அவன் திடலில் பந்து விளையாடும் நாளிலும்கூட. சளி பிடித்தாலோ புகை பட்டாலோ குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி வழி இன்னும் குறுகும். அப்போதுதான் இளைப்பு நம் கண்ணுக்குத் தெரிகிறது.

நீல பம்ப்பில் இருப்பது சல்பியூட்டமால். சில நிமிடத்தில் தசையைத் தளர்த்தும். ஆனால் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது இன்னொரு பம்ப், பெரும்பாலும் பழுப்பு, ஆரஞ்சு அல்லது ஊதா நிறத்தில் இருக்கும். பியூடசோனைட், புளூட்டிக்கசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து அது. டாக்டர் அதைத் தினமும் என்று எழுதியிருந்தால், இளைப்பே இல்லாத நாளிலும் கொடுக்க வேண்டும். "பையன் நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் முதலில் நிறுத்துவது இதைத்தான். அவன் நன்றாக இருப்பதற்குக் காரணமே அதுதான். ஸ்டீராய்டு என்ற பெயர் பயமுறுத்தும், புரிகிறது. ஆனால் இதன் அளவு மைக்ரோகிராம் கணக்கு, நேராக நுரையீரலுக்குப் போகிறது. வளர்த்தி சிலருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையலாம்; அடிக்கடி மூச்சுத் திணறி வார்டில் படுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மருந்து சரியாக உள்ளே போக ஸ்பேசர், அதாவது பம்ப்பைச் சொருகி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய், கட்டாயம். பம்ப்பை நன்றாகக் குலுக்கிச் சொருகுங்கள். சின்னப் பிள்ளைக்கு மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு தடவை அழுத்தி, ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்க விடுங்கள். அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கிவிட்டு அடுத்தது. இரண்டு தடவையையும் சேர்த்து அழுத்தினால் மருந்து வீண். ஸ்டீராய்டு பம்ப்புக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் காய விடுங்கள்; துடைத்தால் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் வீடு. கொசுவர்த்திச் சுருளும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். இலவம்பஞ்சுத் தலையணையில் தூசிப்பூச்சி நிறைய சேரும். மாற்றிவிடுங்கள், படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அப்பா வாசலில் நின்று சிகரெட் பிடித்தாலும் புகை சட்டையோடு உள்ளே வரும். புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் இலாகாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் காலையில் பாருங்கள். 100ஐத் தாண்டினால் வெளி விளையாட்டை நிறுத்துங்கள்.

நீல பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுகிறதா? ராத்திரி இருமி எழுகிறானா? நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். அடுத்த தேதிவரை காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

திடீரென்று இளைப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். டாக்டர் எழுதித் தந்த திட்டம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் நீல பம்ப்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 தடவை கொடுத்து, 4 நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் இன்னொரு 4 கொடுத்துவிட்டு உடனே 999ஐக் கூப்பிடுங்கள். உதவி வரும்வரை அதே கணக்கில் தொடருங்கள். விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளை சோர்ந்து தூங்கி விழுந்தால், 4 நிமிடம்கூடப் பார்க்காமல் அழையுங்கள். வீசிங் சத்தம் நின்று பிள்ளை இன்னும் திணறினால் அது குணமில்லை, மிக ஆபத்து.

பள்ளிப் பையில் ஒரு நீல பம்ப்பும் ஸ்பேசரும் இருக்கட்டும். திட்டத்தின் நகல் ஒன்றை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்று செய்தே காட்டிவிட்டு வாருங்கள்.