உப்பு நீர்க் குளத்தில் குளோரின்: திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

உப்பு நீர்க் குளம் வைத்துவிட்டால் குளோரின் தொல்லையே இல்லை என்று விற்றவர் சொல்லியிருப்பார். பாதி உண்மை. குளோரினை வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். உப்பு கரைந்த தண்ணீர், இயந்திரத்தின் 'செல்' எனப்படும் தகடுகள் கொண்ட பெட்டிக்குள் போகும்போது மின்சாரம் அதிலிருந்து குளோரினை உண்டாக்குகிறது, அது தன் வேலையை முடித்ததும் பெரும்பாலும் மறுபடி உப்பாகிவிடுகிறது. ஆக உங்களுடையதும் குளோரின் குளம்தான்.

சிங்கப்பூர்த் தரைவீடுகளில் குளம் பராமரிப்பது என் பிழைப்பு என்பதால், பச்சைத் தண்ணீரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "அண்ணே, இது என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பிகளும், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் முட்டிக்கொண்ட அதே இடத்தில்தான் வந்து முட்டுகிறார்கள். இலையை அள்ளுங்கள், கூடையைக் கழுவுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

குளோரின் குறைந்தால் உப்பைக் கொட்டுவது

உப்பு மூலப்பொருள் மட்டுமே. பெரும்பாலான இயந்திரங்களுக்கு 3,000 முதல் 3,500 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் அத்தனை பங்கு உப்பு, போதும் (கடல் நீரில் சுமார் 35,000 இருக்கும்). அந்த அளவு இருக்கிறது என்றால் மேலே எவ்வளவு கொட்டினாலும் குளோரின் அதிகமாகாது, இயந்திரம் ஓடும் நேரத்தையோ அதன் உற்பத்திச் சதவீதத்தையோதான் கூட்ட வேண்டும். உப்பு ஆவியாகாது. மழையில் குளம் வழிந்தால் போகும், ஃபில்டரைப் பின்னோட்டமாகக் கழுவும்போது போகும். நவம்பர், டிசம்பர் மழையில் உண்மையாகவே குறையத்தான் செய்யும். ஆனாலும் 'உப்பு குறைவு' விளக்கு எரிந்ததும் மூட்டையைப் பிரிக்காதீர்கள். எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதை வைத்துத்தான் பல இயந்திரங்கள் உப்பைக் கணிக்கின்றன, தகட்டில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும் செல் வயதாகிப் போயிருந்தாலும் அதே விளக்குதான் எரியும். தனியாக அளந்து பாருங்கள். 40,000 லிட்டர் குளத்தில் ஒரு 25 கிலோ மூட்டை 600 பிபிஎம்முக்கு மேல் ஏற்றிவிடும், கொட்டியதைத் திரும்ப எடுக்கத் தண்ணீரை வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை.

ஸ்கிம்மர் கூடையில் (மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் கூடை) குளோரின் வில்லை போடுவது

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

நம் ஊர் வெயில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயில். நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுவது இங்கே அதிசயமில்லை. கூரையில்லாத குளத்தில் ஸ்டெபிலைசர் இல்லையென்றால் காலையில் செல் உண்டாக்கும் குளோரினில் பெரும்பகுதியை மத்தியானத்துக்குள் வெயில் தின்றுவிடும். அதனால் சயனூரிக் அமிலம் வேண்டும், கடையில் ஸ்டெபிலைசர் என்று கேட்டால் கொடுப்பார்கள். நான் 60 முதல் 80 பிபிஎம் வரை வைப்பேன். குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதன் வேலை. அளவு மீறினால் பிடித்ததை விடவே மாட்டேன் என்கிறது, காவலுக்கு வைத்தவனே கட்டிப்போட்ட கதைதான்.

இப்போது வில்லைக்கு வருவோம். அந்த 200 கிராம் வெள்ளை வில்லைகள் ட்ரைகுளோர். கரைந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலமாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். குளோரின் தீர்ந்துபோகும், இது தீராது. ஆவியாகாது, ஃபில்டரில் சிக்காது. 40,000 லிட்டரில் ஒரு வில்லை 2.8 பிபிஎம் அளவுக்கு ஏற்றும். வாரம் 2 வில்லை என்று அரை வருடம் போட்டால் 140-க்கு மேல், அதுவும் ஏற்கெனவே இருந்ததைக் கணக்கில் சேர்க்காமல்.

அப்பர் தாம்சன் பக்கம் ஒரு வீடு. முன்பு வாரம் ஒருமுறை வந்து போன ஆள், செல்லுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே கூடையில் இரண்டிரண்டு வில்லையாகப் போட்டிருக்கிறார். தண்ணீர் பச்சையடிக்க ஆரம்பித்ததும் முதலில் பாசிக்கொல்லி, அப்புறம் தெளிய வைக்கும் திரவம், அதுவும் பலிக்காமல் செல் போய்விட்டது என்று முடிவுகட்டி ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புதுச் செல். பழைய செல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லை! நான் போனபோது குளோரின் 3 பிபிஎம், பார்த்தால் கச்சிதம். படிக்குக் கீழே சுவரைத் தடவினால் விரலோடு வழவழவென்று பச்சை வருகிறது. "டெஸ்ட்ல எல்லாம் சரின்னுதானே காட்டுது?" என்றார் வீட்டம்மா. சயனூரிக் அமிலத்தை யாரும் அளந்ததே இல்லை.

அளப்பது எளிது. குளத்து நீரையும் சோதனைத் திரவத்தையும் சம அளவு கலந்தால் வெள்ளையாகக் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி போட்ட குழாயில் அதைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும், புள்ளி எங்கே மறைகிறதோ அங்கே உள்ள எண்தான் அளவு. அந்த வீட்டில் கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி காணாமல் போனது. அளவுகோல் 100-ஓடு முடிந்துவிடுகிறது. அதனால் குளத்து நீரில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து மறுபடி பார்த்து, வந்த 90-ஐ இரட்டித்தேன். 180.

உப்புக் குளத்தில் குளோரின், ஸ்டெபிலைசரில் 5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. 70-க்கு 3.5 போதும், 180-க்கு 9 வேண்டும். அங்கே 3 இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதற்குத் தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம். 180-ஐ 70-க்கு இறக்க 60 சதவீதத்துக்கு மேல், அதாவது 40,000 லிட்டர் குளத்தில் 24 அல்லது 25 கனமீட்டர் போக வேண்டும். வீட்டுப் பயன்பாட்டோடு சேர்ந்து மாதம் 40 கனமீட்டரைத் தாண்டினால் தண்ணீர்க் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும். தண்ணீரோடு போன உப்புக்கு 3 மூட்டை திரும்ப வாங்க வேண்டும். சரி, ஒரேயடியாகக் காலி செய்துவிடலாமா என்றால் அதுவும் கூடாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலிக் குளத்தை அது அடியிலிருந்து தூக்கும், தரை வெடிக்கும். பகுதி பகுதியாகத்தான் மாற்ற வேண்டும், அப்படி மாற்றினால் தண்ணீர் இன்னும் கூடத்தான் செலவாகும். இவ்வளவும் சில வெள்ளி வில்லையால்!

அவசரத்துக்குக் குளோரின் வேண்டுமென்றால் திரவக் குளோரின் ஊற்றுங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சயனூரிக் கிடையாது, மிஞ்சுவது உப்புதான். டைகுளோர் தூளும் வேண்டாம், அது வில்லைக்கு அண்ணன்.

நிறம் வரவில்லை என்றால் குளோரின் இல்லை என்று முடிவு கட்டுவது

குளோரினை அளக்கும் டிபிடி சோதனையில் இளஞ்சிவப்பு வர வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும், ஒரு கணம் சிவந்து மறையும் அல்லது சிவக்கவே சிவக்காது. அதைப் பூஜ்யம் என்று நினைத்து இன்னும் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளின் நீச்சலுடை சாயம் போன பிறகுதான் புரிந்தது. சந்தேகம் வந்தால் மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரில் பாதியாகக் கலந்து மறுபடி சோதியுங்கள். இங்குள்ள ஈரக் காற்றில் சோதனைத் தாள்கள் சீக்கிரம் கெட்டுப்போகும், மூடியைத் திறந்து போட்ட டப்பாவை நம்ப வேண்டாம்.

பிஎச் ஏறுவதைக் கண்டுகொள்ளாதது

செல்லில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, தானாக மேலே போகும், அருவி வைத்த குளத்தில் இன்னும் வேகமாக. 7.8-ஐத் தாண்ட விடாதீர்கள். விட்டால் தகட்டில் சுண்ணாம்பு படியும். அதை எடுக்கிறேன் என்று மாதம் தவறாமல் செல்லை ஆசிட்டில் ஊற வைப்பது அடுத்த பைத்தியக்காரத்தனம், டைட்டேனியத்தின் மேலுள்ள பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். கழற்றிப் பாருங்கள், படிந்திருந்தால் மட்டும் கழுவுங்கள்.

வாடை அடிக்கிறது என்று குளோரினைக் குறைப்பது

அந்த வாடை வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்த குளோரினுடையது. கூட்ட வேண்டும்.

மின் கட்டணத்துக்குப் பயந்து பம்பை நிறுத்துவது

பம்ப் நின்றால் செல்லும் நிற்கும்.

ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைப்பது

கலந்தால் விஷவாயு. இன்றே பிரித்து வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் இது வருடா வருடம் நடக்கிறது. ஆளில்லாவிட்டாலும் வெயில் இருக்கிறது, குளோரின் இல்லாமல் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதக் கடிதம் உங்களுக்கு முன்பே வீட்டில் காத்திருக்கலாம். இயந்திரம் ஓடட்டும். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுங்கள், பெருமழை பெய்து குளம் விளிம்பு வரை வந்தால் எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்பதைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுக் கொடுங்கள்.