தலைக்காயத்துக்குப் பின்: தன் கையால் ஒரு டீ

மறுவாழ்வு இல்லத்தில் தங்கிப் பழகுபவருக்கு டீ போடுவது நல்ல முதல் பயிற்சி. வேலையை 8 படிகளாக்கி, 'பாத்திரம் வை', 'தண்ணீர் ஊற்று' என்று படத்தோடு அட்டைகளில் எழுதி, கண்மட்டத்தில் ஒட்டுங்கள். "அடுத்து என்ன?" என்று தயவுசெய்து சோதிக்காதீர்கள். நினைவாற்றல் குறைந்தவருக்குத் தப்பாகச் செய்ததே மனதில் பதிந்துவிடும். தயங்கும் முன்பே அட்டையைக் காட்டுங்கள். தினமும் அதே நேரம், அதே பாத்திரம். 3 நாள் பிசகாமல் வந்தால், கடைசிப் படியிலிருந்து உதவியைக் குறையுங்கள்.

அதிகம் தவறுவது அடுப்பை அணைப்பதில்தான். டம்ளரில் ஊற்றியதும் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடும். அதனால் வடிகட்டுவதற்கு முன்பே அணைக்கப் பழக்குங்கள். டைமரும் இருக்கட்டும். கொட்டாவி, எரிச்சல் தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அது சோம்பல் அல்ல, மூளையின் களைப்பு. வலிப்பு வருபவருக்கு மருத்துவரைக் கேட்காமல் அடுப்பு வேலை வேண்டாம்.

இல்லத்தில் கற்றது வீட்டில் தானாக வராது. வார விடுப்பில் வீட்டு அடுப்பிலும் அதே அட்டையோடு பழக்குங்கள்.