புது கிளட்ச் உதறல் நின்றது இப்படித்தான்

கிளட்ச் செட் மாற்றிய மறுநாளே, முதல் கியரில் கிளம்பும்போது கார் உதறியது. ரிவர்ஸில் இன்னும் மோசம்; சாவிக்கொத்து கிலுகிலுவென்று ஆடும். இன்ஜினைத் தாங்கும் ரப்பரை (இன்ஜின் மவுண்ட்) மாற்றினேன், பலனில்லை. கிளட்ச் கேபிளின் ஃப்ரீ பிளே, அதாவது பெடலில் இருக்க வேண்டிய சிறு தளர்வு, சரியாகவே இருந்தது.

"500 கிலோமீட்டர் ஓடுனா செட்டாயிரும்ணே" என்றார் மெக்கானிக். சரியென்று நான்குவழிச் சாலையில் திருச்சிக்கு இரண்டு தடவை போய்வந்தேன். 500 தாண்டியும் உதறல் அப்படியே.

அப்புறம்தான் உறைத்தது. ஐந்தாவது கியரில் ஓடும்போது கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு (இன்ஜின் சுற்றும் கனத்த சக்கரம்) ஒட்டியே சுற்றும், உரசவே உரசாது; உரசினால்தானே புதுத் தட்டு செட்டாகும்! எண்ண வேண்டியது கிலோமீட்டரை அல்ல, கிளட்ச் பெடலை மிதித்து விடும் தடவைகளை. மதுரையில் அதற்கா பஞ்சம்! தினமும் கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் நிலையம் என்று நெரிசலில் ஓட்டினேன்: ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல், பெடலை நிதானமாக முழுசாக விட்டு. ஒன்பதாம் நாள் ரிவர்ஸ் எடுத்தபோது சாவி ஆடவில்லை.