கமடோர் 64-க்கு ஜாவா: பில்டை ஆட்டோமேட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவாவில் எழுதியதை 1980-களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இல் ஓட்ட மூன்று படிகள் உண்டு. ஜாவா கம்பைலர் கிளாஸ் ஃபைலைத் தரும். ஜாவா கிரைண்டர் அதைக் கமடோரின் சிப் வகையான 6502-க்குரிய அசெம்பிளியாக மாற்றும். நேக்கன் அசெம்பிளர் அதை மெஷின் கோடாக்கும். ஒவ்வொன்றையும் கையால் ஓட்டும்போது நம் கண் அதன் மேலேயே இருக்கும். மேக் என்ற பில்ட் கருவிக்குப் படிகளைச் சொல்லும் மேக்ஃபைலிடம் ஒப்படைத்த பிறகு, எரர் வரவில்லையென்றால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது மாறிலி. திரையின் பார்டர் நிறத்தை ஒரு தனி கிளாஸில் ஸ்டாட்டிக் ஃபைனலாக 6 என்று வைத்திருந்தேன், நீலம். அதை 2, அதாவது சிவப்பு, என்று மாற்றி பில்ட் செய்தேன். எரர் இல்லை, பார்டர் மட்டும் நீலமாகவே இருந்தது. கமடோரைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரைச் சந்தேகித்து ஒரு மாலை முழுக்கப் போயிற்று. உண்மையில் இப்படிப்பட்ட மாறிலியின் மதிப்பை, அதைப் பயன்படுத்தும் கிளாஸுக்குள்ளேயே கம்பைலர் பதித்துவிடும். என் மெயின் ஃபைலில் எதுவும் மாறாததால் மேக் அதைத் தொடவில்லை. உள்ளே பழைய 6 அப்படியே கிடந்தது. மாறிய ஃபைலை மட்டும் கம்பைல் செய்யும் சிக்கனம் இங்கே வேண்டாம். 64 கேபி மெமரிக்குள் அடங்கும் புரோகிராம்தானே! காலி ஃபோல்டரில் எல்லா சோர்ஸையும் ஒரே தடவையில் கம்பைல் செய்யுங்கள்.

கம்பைலர் வெர்ஷனைக் கட்டிப்போடாமல் விடுவது அடுத்த தவறு. ஒரே சோர்ஸுக்கு ஜாவா 8 தரும் பைட்கோடும் (கிளாஸ் ஃபைலுக்குள் இருக்கும் கட்டளைகள்) 9-க்குப் பிறகு வருவதும் ஒன்றல்ல. ஸ்ட்ரிங்குகளைச் சேர்க்கும் முறையே மாறிவிட்டது. ரிலீஸ் 8 என்று ஆப்ஷனில் குறிப்பிடுங்கள். கிளாஸ் ஃபைலின் 8-வது பைட், ஜாவா 8-ஐக் குறிக்கும் 52 ஆக இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட்டே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு படி பாதியில் தோற்றால் அரைகுறை ஃபைல் ஒன்று புதிய நேரத்துடன் தங்கிவிடக்கூடும். அடுத்த முறை மேக் அதை முடிந்த வேலையாக எண்ணித் தாண்டிப் போகும். எரர் வந்தால் டார்கெட்டை, அதாவது அந்தப் படி உருவாக்கும் ஃபைலை, அழிக்கச் சொல்லும் வரியை மேக்ஃபைலில் மறக்காமல் போடுங்கள். உள் கிளாஸ் பெயர்களில் வரும் $ குறியை மேக்ஃபைலில் இரண்டாக எழுத வேண்டும்.

கடைசியில் வரும் பிஆர்ஜி ஃபைலின் (கமடோர் லோட் செய்யும் புரோகிராம் ஃபைல்) முதல் இரண்டு பைட் லோட் ஆகும் முகவரி, சின்ன பைட் முன்னால். பேசிக் மொழி புரோகிராம்கள் தொடங்கும் 2049 என்ற முகவரிக்கு அது 1, 8 என்றிருக்கும். அசெம்பிளர் வெறும் பைனரி தந்தால் இந்த இரண்டும் இருக்காது. அப்போது புரோகிராமின் முதல் இரண்டு பைட்டையே கமடோர் முகவரியாக எடுத்துக்கொள்ளும்.

சோதனைக்கு வைஸ் எமுலேட்டரைக் கூப்பிடும்போது எத்தனை சிபியு சைக்கிள் ஓடியதும் நிற்க வேண்டும் என்று வரம்பு கொடுங்கள். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் முடியவே முடியாது. பேல் (ஐரோப்பிய டிவி முறை) மெஷினில் ஒரு கோடி சைக்கிள் என்பது சுமார் 10 விநாடி. ஆனால் 1541 டிஸ்க் டிரைவை அதன் நிஜ வேகத்திலேயே ஓட்டினால் விநாடிக்கு 400 பைட் அளவில்தான் லோட் ஆகும். 8 கேபி புரோகிராமுக்கு அந்த ஒரு கோடி பாதி வழிகூட வராது.